‘ஐரோப்பா முடிவு செய்தது’ என்றால் யார் முடிவு செய்தார்கள்?

2023 டிசம்பர் 14. பிரஸ்ஸல்ஸ் நகரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாட்டுத் தலைவர்கள் கூடியிருந்தார்கள். உக்ரைனை உறுப்பு நாடாகச் சேர்ப்பதற்கான பேச்சுவார்த்தையைத் தொடங்கலாமா என்பது அன்றைய கேள்வி. கூடவே கூடாது என்று பல வாரங்களாகச் சொல்லிவந்தவர் ஹங்கேரிப் பிரதமர் விக்டர் ஓர்பான். முடிவெடுக்கும் நேரத்தில் அவர் எழுந்து அறையைவிட்டு வெளியே போனார். உள்ளே இருந்த 26 பேரும் சம்மதித்தார்கள். முடிவு செல்லுபடியானது. அதே இரவில், உக்ரைனுக்கு 5,000 கோடி யூரோ நிதியுதவி என்ற அடுத்த விஷயம் வந்தபோது ஓர்பான் உள்ளே உட்கார்ந்து மறுத்தார். அது நின்றுபோனது.

மறுநாள் செய்திகளில் இரண்டு விதத் தலைப்புகள். ‘ஐரோப்பா ஒன்றுபட்டது’ என்று சில, ‘ஐரோப்பா பிளவுபட்டது’ என்று சில. நம் ஊர்ப் பேச்சிலும் இப்படித்தான் ஓடுகிறது: ஐரோப்பா ஆயுதம் தருகிறது, ஐரோப்பா தடை போட்டது, ஐரோப்பா பின்வாங்கியது. ஒரே ஆள் ஒரே மனதோடு முடிவெடுப்பதுபோல. உண்மையில் அங்கே எந்த விஷயம் எந்த விதியின்படி முடிவாகிறது என்பதுதான், அது எட்டு நாளில் முடியுமா, இரண்டு வருடம் இழுக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த விதிகளை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் பெயர்க் குழப்பம்

மூன்று அமைப்புகளைத் தமிழ்ச் செய்திகள் அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

ஐரோப்பிய ஒன்றியம் என்பது 27 நாடுகள், ஏறக்குறைய 45 கோடி மக்கள். பொதுச் சந்தை, பொதுச் சட்டங்கள், தனி நீதிமன்றம், தனி வரவுசெலவு உடையது. இதற்கு ராணுவம் கிடையாது.

நேட்டோ என்பது ராணுவக் கூட்டணி. 32 நாடுகள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், துருக்கி, நார்வே ஆகியவை இதில் உண்டு, ஒன்றியத்தில் இல்லை. ஆஸ்திரியா, அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் ஆகிய நான்கும் ஒன்றியத்தில் உண்டு, நேட்டோவில் இல்லை. மீதி 23 நாடுகள் இரண்டிலும் இருக்கின்றன. குழப்பத்துக்கு முக்கியக் காரணமே இந்த 23 நாடுகள்தான். போலந்து ஒரு பீரங்கியை உக்ரைனுக்குக் கொடுத்தால், அது போலந்து கொடுத்ததா, நேட்டோ கொடுத்ததா, ஒன்றியம் கொடுத்ததா என்று தெரியாமல் ‘ஐரோப்பா’ என்று எழுதிவிடுகிறோம். பெரும்பாலும் அது போலந்து கொடுத்தது மட்டுமே.

மூன்றாவது, ஐரோப்பிய மன்றம். 1949இல் தொடங்கியது, ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருக்கிறது, 46 நாடுகள். மனித உரிமை இதன் பொறுப்பு. ரஷ்யாவும் இதில் உறுப்பினராக இருந்தது. 2022 மார்ச் 16 அன்று வெளியேற்றப்பட்டது. ‘ஐரோப்பாவிலிருந்து ரஷ்யா நீக்கம்’ என்று படித்தால் அது இந்த மன்றத்தைப் பற்றியது. ஒன்றியத்தில் ரஷ்யா ஒருபோதும் இருந்ததில்லை.

ஒன்றியத்துக்கு உள்ளே நான்கு உறுப்புகளைத் தெரிந்துகொண்டால் போதும். நாட்டுத் தலைவர்கள் கூடுவது தலைவர்கள் அவை. இது திசையைச் சொல்லும், சட்டம் இயற்றாது. துறை அமைச்சர்கள் கூடுவது அமைச்சர்கள் அவை. சட்டமும் தடையும் இங்கேதான் வாக்கெடுப்புக்கு வரும். ஆணையம் என்பது நிர்வாகம். சட்ட வரைவை எழுதுவது அதுதான். உர்சுலா வான் டெர் லாயன் அதன் தலைவர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் 720 பேர் கொண்டது நாடாளுமன்றம். பெரும்பாலான சட்டங்களுக்கு அதன் ஒப்புதல் வேண்டும்; வெளியுறவு விஷயத்தில் அதன் கை மிகவும் குறுகியது.

பங்குக் கிணற்றிலிருந்து தொடங்கியது

ஒரே கிணறு, இரண்டு பங்காளிகள். யார் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓட்டினார்கள் என்பதில் தகராறு. இரண்டு தலைமுறையாக வெட்டு, குத்து, வழக்கு. ‘இனி சண்டை போடமாட்டோம்’ என்று கோயிலில் சத்தியம் செய்து பார்த்தாயிற்று, நிற்கவில்லை. ஒருநாள் மோட்டார் அறைச் சாவியையும் மின்மீட்டர் நோட்டையும் இருவரும் ஏற்ற மூன்றாம் ஆளிடம் கொடுத்துவிடுகிறார்கள். மனம் மாறவில்லை. ஆனால் ராத்திரி யாருக்கும் தெரியாமல் மோட்டார் போட முடியாது.

பிரான்சும் ஜெர்மனியும் 1870, 1914, 1939 என்று 70 ஆண்டுக்குள் மூன்று முறை மோதின. சண்டையில்லா ஒப்பந்தங்கள் நடுவில் எத்தனையோ கையெழுத்தாகின. 1950 மே 9 அன்று பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன், அந்நாட்டு அதிகாரி ழான் மோனே தயாரித்த ஒரு திட்டத்தை அறிவித்தார். இரு நாட்டு நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது அதிகாரத்தின் கீழ் வைப்பது என்பதே திட்டம்.

ஏன் நிலக்கரியும் எஃகும்? பீரங்கி, டாங்கி, தண்டவாளம், கப்பல் எல்லாம் எஃகு. எஃகு உருக்க நிலக்கரி வேண்டும். ஜெர்மனியின் ரூர் பகுதியில் நிலக்கரி. பிரான்சின் லொரேன் பகுதியில் இரும்புத் தாது. ஒரு நாடு ரகசியமாகப் போருக்குத் தயாரானால் அது முதலில் தெரிவது எஃகு உற்பத்திக் கணக்கில்தான். அந்தக் கணக்கு நோட்டே பொதுவாகிவிட்டால், போர் வேண்டாம் என்ற விருப்பத்தைத் தாண்டி, போருக்குத் தயாராவதே கடினமாகிவிடும்.

1951 ஏப்ரல் 18 அன்று பாரிஸில் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. ஒன்பது பேர் கொண்ட உயர் அதிகாரக் குழு அமைந்தது. விதியை மீறும் ஆலைகளுக்கு அபராதம் போடும் உரிமைகூட அதற்கு இருந்தது. 1957இல் ரோம் ஒப்பந்தம் இதை முழுப் பொருளாதாரத்துக்கும் விரித்தது. 1993இல் ஐரோப்பிய ஒன்றியம் என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது.

பொதுவாக்க முயன்று தோற்ற ஒன்றும் உண்டு. அதே ஆறு நாடுகள் 1952இல் பொது ராணுவம் அமைக்க ஒப்பந்தம் போட்டன. 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றமே அதைக் கைவிட்டது. பாதுகாப்பு நேட்டோவிடமும் அந்தந்த நாட்டிடமும் தங்கிவிட்டது. இன்று சந்தை விஷயத்தில் வேகமாக நடக்கும் ஒன்றியம் போர் விஷயத்தில் திணறுவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இதுவரை பார்த்தது: ஒன்றியம் என்பது நேட்டோ அன்று. சில பொருள்களின் சாவியைப் பொதுவில் கொடுத்ததிலிருந்து அது வளர்ந்தது. ராணுவச் சாவியை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

கூட்டுப் பட்டாவும் அடுக்ககச் சங்கமும்

கூட்டுப் பட்டாவில் ஐந்து பேர் பெயர் இருந்தால், முழு நிலத்தையும் விற்க ஐந்து கையெழுத்தும் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஒருவர் மறுத்தாலும் பத்திரம் நடக்காது. அடுக்கக உரிமையாளர் சங்கத்தில் அப்படியில்லை. ஜெனரேட்டர் வாங்கலாமா என்று கேட்டு, குறிப்பிட்ட அளவு பேர் சரி என்றால், எதிர்த்தவரும் பங்குத் தொகை கட்டவேண்டும்.

ஒன்றியத்தில் இந்த இரண்டு முறையும் பக்கத்துப் பக்கத்து மேசையில் நடக்கின்றன.

அடுக்ககச் சங்க முறைக்குப் பெயர் தகுதிப் பெரும்பான்மை. ஆணையம் கொண்டுவரும் வரைவுக்கு இரண்டு அளவும் ஒருசேரத் தேறவேண்டும்: 27இல் குறைந்தது 15 நாடுகள், அந்த நாடுகளின் மக்கள்தொகை மொத்தத்தில் குறைந்தது 65 சதவீதம். நாடுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சிறிய நாடுகள் சேர்ந்து பெரிய நாடுகளை மடக்கிவிடும். மக்கள்தொகையை மட்டும் பார்த்தால் ஜெர்மனியும் பிரான்சும் ஆளும். அதற்காகவே இரட்டை அளவு. மக்கள்தொகைக் கணக்கில் ஒன்றைத் தடுக்கவும் குறைந்தது நான்கு நாடுகள் வேண்டும். மூன்று பெரிய நாடுகள் மட்டும் சேர்ந்து தடுக்க முடியாது.

கூட்டுப் பட்டா முறை, ஒருமனது. வெளியுறவு, பாதுகாப்பு, வரி, புதிய உறுப்பினர் சேர்க்கை எல்லாம் இதில் வரும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: ‘மறுக்கிறேன்’ என்றால் தடை. ‘வாக்களிக்கவில்லை’ என்றால் தடையில்லை. டிசம்பர் 14 இரவில் ஓர்பான் எழுந்து போனதன் பொருள் இதுதான். தான் சம்மதித்ததாகவும் இருக்கக்கூடாது, தடுத்ததாகவும் இருக்கக்கூடாது. வெளியுறவு முடிவுகளுக்கு இதைப்போன்ற தனி விதியும் எழுதப்பட்டிருக்கிறது. ஆக்கபூர்வ விலகல் என்பார்கள். விலகும் நாடு அந்த முடிவைத் தன் மண்ணில் நிறைவேற்ற வேண்டியதில்லை. ஆனால் மற்றவர்களுக்குக் குறுக்கே நிற்கவும் கூடாது. நடுநிலை நாடுகளான ஆஸ்திரியாவும் அயர்லாந்தும் மால்டாவும் உக்ரைனுக்கு ஆயுதம் தரும் முடிவில் இப்படித்தான் ஒதுங்கின.

வேகத்தில் உள்ள வேறுபாட்டை இரண்டு உதாரணத்தில் பார்க்கலாம். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா முழுப் படையெடுப்பைத் தொடங்கியது. மார்ச் 4 அன்று, எட்டே நாளில், தற்காலிகப் பாதுகாப்பு என்ற சட்டம் செயலுக்கு வந்தது. யூகோஸ்லாவியப் போர்களின் அகதி நெருக்கடியைப் பார்த்துவிட்டு 2001இல் எழுதிவைத்த சட்டம் அது; இருபது வருடம் ஒருமுறைகூட எடுத்ததில்லை. அதைச் செயலாக்கத் தகுதிப் பெரும்பான்மை போதும். உக்ரைனியர் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் புகலிட வழக்கு நடத்தத் தேவையில்லாமல், வசிக்கும் உரிமையும் வேலை, பள்ளி, மருத்துவமும் கிடைத்தன. 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தப் பாதுகாப்பில் வாழ்கிறார்கள்.

எண்ணெய்த் தடைக்கு ஒருமனது வேண்டும். ஆணையம் 2022 மே 4 அன்று முன்மொழிந்தது. ஜூன் 3 அன்றுதான் நிறைவேறியது. அதற்குள் ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, செக் நாடுகளுக்குப் போகும் குழாய் எண்ணெய்க்கு விலக்கு தரப்பட்டுவிட்டது. ரஷ்ய மரபுவழித் திருச்சபையின் தலைவர் கிரில் பெயரும் ஹங்கேரி கேட்டதால் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. ஒருமனது என்ற விதி முடிவைத் தாமதப்படுத்துவதோடு நிற்பதில்லை. முடிவின் உள்ளடக்கத்தையும் மாற்றிவிடுகிறது.

அப்படியானால் இந்த விதியைத் தூக்கிவிடலாமே? ஜெர்மனி உட்படச் சில நாடுகள் கேட்கின்றன. ஆனால் அதைத் தூக்கவும் ஒருமனது வேண்டும். அதைவிட முக்கியம், சிறிய நாடுகளின் பயம் நியாயமானது. 14 லட்சம் மக்கள் கொண்ட எஸ்டோனியாவைக் கேட்காமல் பெரிய நாடுகள் ரஷ்யாவோடு ஒரு சமரசம் செய்துகொண்டால் என்ன ஆகும்? மறுப்புரிமைதான் எஸ்டோனியாவின் காப்பு. ஓர்பான் பயன்படுத்தியதும் அதே ஆயுதத்தைத்தான்.

தடை எப்படிப் பிறக்கிறது, எங்கே ஒழுகுகிறது

தடை என்றால் ஒரு நாட்டுடன், நிறுவனத்துடன் அல்லது நபருடன் சில வகைப் பரிமாற்றங்களைச் சட்டப்படி நிறுத்துவது. உலகம் முழுவதையும் கட்டுப்படுத்தும் தடையை ஐ.நா. பாதுகாப்புச் சபைதான் போடமுடியும். 2022 பிப்ரவரி 25 அன்று அங்கே வந்த கண்டனத் தீர்மானத்தையே ரஷ்யா தன் வீட்டோவால் தடுத்தது. அதனால் ஒன்றியம் தன் எல்லைக்குள் செல்லுபடியாகும் தடையைத் தானே போடுகிறது.

அது நடக்கும் வரிசை இது. வரைவு ஆணையத்திலும் வெளியுறவுப் பிரிவிலும் தயாராகும். 27 நாட்டுத் தூதர்கள் பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்பார்கள். பேரம் முழுக்க இங்கேதான். பிறகு அமைச்சர்கள் அவை ஒருமனதாக முடிவெடுக்கும். அந்த முடிவை வங்கிகளும் சுங்கமும் பின்பற்றும் சட்டமாக மாற்றும் இரண்டாம் படிக்குத் தகுதிப் பெரும்பான்மை போதும். அதிகாரபூர்வ இதழில் வெளியானதும் நடைமுறைக்கு வரும். 2025 அக்டோபருக்குள் இப்படி 19 தொகுப்புகள் வந்துவிட்டன.

பலர் கவனிக்காத விஷயம், இந்தத் தடைகளுக்குக் காலாவதி உண்டு. பொருளாதாரத் தடைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜனவரி 31, ஜூலை 31 தேதிகளுக்குள் புதுப்பிக்கப்பட வேண்டும். தனிநபர் பட்டியலுக்கு மார்ச் 15, செப்டம்பர் 15. புதுப்பிக்கவும் ஒருமனது வேண்டும். போடும்போது 27 பேரையும் சம்மதிக்க வைத்தால் மட்டும் போதாது; வருடத்துக்கு இரண்டு முறை திரும்பச் சம்மதிக்க வைக்கவேண்டும். 2025 ஜனவரியில் ஹங்கேரி எரிசக்தி விஷயத்தில் உத்தரவாதம் கேட்டு இழுத்து, 27ஆம் தேதிதான் ஒப்புக்கொண்டது. கெடு முடிய நான்கு நாள் இருந்தது.

நிறைவேற்றுவது யார்? பிரஸ்ஸல்ஸுக்குச் சுங்க அதிகாரிகள் கிடையாது. 27 நாட்டுச் சுங்கமும் வங்கிக் கண்காணிப்பும் காவல் துறையும்தான் செய்யவேண்டும். ஒழுகுவதும் இங்கேதான். ரஷ்யாவுக்கு நேரடி ஏற்றுமதி விழுந்த அதே மாதங்களில் கிர்கிஸ்தான் போன்ற மத்திய ஆசிய நாடுகளுக்கான ஏற்றுமதி சட்டென ஏறியது. சரக்கு அங்கே இறங்கி ரஷ்யாவுக்குப் போனது. அதன்பின் சில ரகப் பொருள்களுக்கு, ‘ரஷ்யாவுக்கு மறுவிற்பனை செய்யமாட்டேன்’ என்ற விதியை விற்பனை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொன்னார்கள். தடையை மீறுவது சில நாடுகளில் வெறும் அபராதக் குற்றமாக இருந்தது. 2024இல் வந்த சட்டம் டென்மார்க் தவிர்த்த எல்லா நாட்டிலும் அதைக் கிரிமினல் குற்றமாக்கச் சொன்னது.

இந்தியாவுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. 2025 ஜூலை 18 அன்று வந்த 18ஆம் தொகுப்பில், ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் நிறுவனம் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு வைத்திருக்கும் குஜராத்தின் வாதினார் சுத்திகரிப்பு ஆலை சேர்க்கப்பட்டது. ரஷ்யக் கச்சா எண்ணெயிலிருந்து வேறு நாட்டில் பிரித்தெடுத்த டீசல் போன்றவற்றை ஒன்றியம் வாங்குவதற்கும் அந்தத் தொகுப்பே தடை போட்டது.

இதுவரை பார்த்தது: தடையை ஒருமனதாகப் போடவேண்டும், ஒருமனதாகப் புதுப்பிக்கவேண்டும். நிறைவேற்றுவது 27 தனித்தனி அரசுகள்.

முடக்கிய பணம் யாருடையது?

ரஷ்ய மத்திய வங்கியின் சேமிப்பில் ஏறக்குறைய 21,000 கோடி யூரோ ஒன்றியத்துக்குள் முடங்கிக் கிடக்கிறது. பெரும்பகுதி பெல்ஜியத்தில் உள்ள யூரோகிளியர் என்ற நிறுவனத்தில் இருக்கிறது. கடன்பத்திரங்களைப் பாதுகாத்து, கைமாற்றிக் கணக்கு வைப்பது அதன் தொழில்.

‘ஐரோப்பா ரஷ்யப் பணத்தைப் பறித்துவிட்டது’ என்பது பரவலான பேச்சு. நடந்தது அதுவல்ல. முடக்குவது வேறு, பறிமுதல் வேறு. வழக்கில் இருக்கும் தென்னந்தோப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தோப்பை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது. ஆனால் உரிமை இன்னும் உரிமையாளர் பெயரில்தான். காய்ப்பு மட்டும் நிற்காது. நீதிமன்றம் நியமித்த ரிசீவர் காயை விற்றுக் கணக்கு வைப்பார்.

இங்கே ‘காய்’ எப்படி வருகிறது? ரஷ்யா வைத்திருந்த கடன்பத்திரங்கள் ஒவ்வொன்றாக முதிர்ந்து ரொக்கமாகின்றன. தடையால் அந்த ரொக்கத்தை ரஷ்யாவுக்கு அனுப்ப முடியாது. யூரோகிளியர் அதை வைப்பில் போடுகிறது, வட்டி சேர்கிறது. ரொக்கத்துக்கு வட்டி தருவதாக யூரோகிளியர் யாருக்கும் ஒப்புக்கொண்டதில்லை என்பதால், அந்த வட்டி சட்டப்படி ரஷ்யாவுடையது இல்லை என்பது ஒன்றியத்தின் நிலை. தோப்பு உவமை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. 2024 மே மாதம் அந்த லாபத்தை உக்ரைனுக்குத் திருப்பிவிட முடிவானது. ஜூலையில் முதல் தவணையாக 150 கோடி யூரோ போனது.

அசலை எடுக்காமல் தயங்குவதற்குக் காரணங்கள் கனமானவை. ஒரு நாட்டின் மத்திய வங்கிச் சொத்தை இன்னொரு நாடு எடுக்கக்கூடாது என்பது நீண்டகாலச் சர்வதேச வழக்கம். எடுத்துவிட்டால் மற்ற நாடுகளும் யூரோவில் சேமிப்பு வைக்கத் தயங்கும். நாளை நீதிமன்றம் திருப்பித் தரச் சொன்னால் முதலில் மாட்டுவது பெல்ஜியம். 2025 இறுதியில் அசலை அடிப்படையாக வைத்து உக்ரைனுக்குக் கடன் தரும் யோசனையை பெல்ஜியம் அதனால்தான் ஏற்கவில்லை.

அதற்குள் வேறொரு ஆபத்து பெரிதாகத் தெரிந்தது. இந்த முடக்கமும் ஆறு மாதக் காலாவதிக்கு உட்பட்டது. ஒரே ஒரு நாடு ஒருமுறை மறுத்தால் 21,000 கோடியும் விடுபட்டுப் போகும். 2025 டிசம்பர் 12 அன்று ஒன்றியம் அதை வேறு சட்டக் கதவுக்கு மாற்றியது. ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தில் உள்ள 122ஆம் பிரிவு, கடுமையான பொருளாதார நெருக்கடியில் தகுதிப் பெரும்பான்மையோடு நடவடிக்கை எடுக்க இடம் தருகிறது. 2022இல் எரிவாயுப் பயன்பாட்டை 15 சதவீதம் குறைக்கும் திட்டமும் இதே பிரிவில்தான், ஹங்கேரி எதிர்த்தும் நிறைவேறியது. இப்போது அதைக் கொண்டு சொத்து முடக்கத்தைக் காலவரையின்றி நீட்டித்தார்கள். ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் எதிர்த்தன, தடுக்க முடியவில்லை.

என் பார்வையில், இந்தப் போர்க்காலத்தில் ஒன்றியம் எடுத்த முடிவுகளில் மிகத் துணிவானது இது. மிக விவாதத்துக்குரியதும் இதுவே. 122ஆம் பிரிவில் நாடாளுமன்றத்துக்கு வாக்கு கிடையாது. வெளியுறவு விஷயத்தைப் பொருளாதார விஷயம் என்று பெயரிட்டு மறுப்புரிமையைத் தாண்டலாம் என்றால், நாளை எதைத்தான் தாண்ட முடியாது என்று சிறிய நாடுகள் கேட்பதில் பொருள் இருக்கிறது.

அடுத்த வாரமே தலைவர்கள் அவை, 2026, 2027 ஆண்டுகளுக்கு உக்ரைனுக்கு 9,000 கோடி யூரோ கடன் தர முடிவெடுத்தது. பணம் ரஷ்யச் சொத்திலிருந்து வராது. ஒன்றியம் சந்தையில் கடன் வாங்கித் தரும். ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, செக் ஆகிய மூன்றின் மீதும் அந்தப் பொறுப்பு விழாது. இதற்குப் பயன்பட்ட வழி மேம்பட்ட ஒத்துழைப்பு: குறைந்தது ஒன்பது நாடுகள் விரும்பினால், மற்றவர்களை விட்டுவிட்டு ஒரு காரியத்தில் முன்னே போகலாம்.

ஆயுதத்துக்குத் தனிப் பை

ஒன்றியத்தின் பொது வரவுசெலவு, உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். அந்தப் பணத்திலிருந்து ராணுவ நடவடிக்கைக்குச் செலவு செய்ய ஒப்பந்தமே அனுமதிப்பதில்லை. அதனால் வரவுசெலவுக்கு வெளியே 2021இல் ஒரு தனிப் பை தைத்தார்கள். பெயர் ஐரோப்பிய அமைதி நிதி. தலைக்கட்டு வரிபோல எல்லாருக்கும் சமமாக இல்லாமல், ஒவ்வொரு நாட்டின் வருமான அளவுக்கு ஏற்ப வசூல்.

இந்தப் பை ஆயுதம் வாங்கி அனுப்புவதில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். முக்கியமாக அது செய்தது, தம் கிடங்கிலிருந்து உக்ரைனுக்குக் கொடுத்த நாடுகளுக்கு ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. போலந்து இன்று டாங்கி கொடுக்கும், ரசீது காட்டும், பிறகு பணம் வரும். 2022 பிப்ரவரி 28 அன்று முதல் 50 கோடி யூரோவுக்கு ஒப்புதல் கிடைத்தது. தொடக்கத்தில் ஏழு ஆண்டுக்கென்று வைத்த 570 கோடி போதாமல், உச்சவரம்பு 1,700 கோடியானது. ஒவ்வொரு தவணைக்கும் ஒருமனது வேண்டும் என்பதால் ஹங்கேரி மறுப்பில் 660 கோடி யூரோ அப்படியே தேங்கி நின்றது. கொடுத்த நாடுகள் ரசீதோடு காத்திருந்தன.

ராணுவம் இல்லாவிட்டாலும் பயிற்சி உண்டு. 2022 நவம்பரில் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் 70,000க்கும் மேற்பட்ட உக்ரைன் வீரர்கள், பெரும்பாலும் போலந்திலும் ஜெர்மனியிலும், பயிற்சி பெற்றார்கள்.

மறுப்பவரை வெளியேற்ற முடியாதா?

முடியாது. ஒப்பந்தத்தில் தானாக விலகும் வழி மட்டும் இருக்கிறது; பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று போனது அந்த வழியில். அடிப்படை விழுமியங்களை மீறும் நாட்டின் வாக்குரிமையை நிறுத்திவைக்க 7ஆம் பிரிவு இருக்கிறது. அந்த மீறல் நடந்திருக்கிறது என்று தீர்மானிக்க, சம்பந்தப்பட்ட நாட்டைத் தவிர மற்ற 26உம் ஒன்றுபட வேண்டும். ஒரு துணை கிடைத்தாலே அந்த நாடு தப்பித்துவிடும். ஹங்கேரிக்கும் போலந்துக்கும் பல ஆண்டுகள் ஒன்றுக்கொன்று துணை இருந்தது.

உக்ரைன் எப்போது உறுப்பினராகும்?

போர் தொடங்கி நான்கே நாளில், 2022 பிப்ரவரி 28 அன்று, உக்ரைன் விண்ணப்பித்தது. ஜூன் 23 அன்று வேட்பாளர் நாடு என்ற தகுதி கிடைத்தது. கதையின் தொடக்கத்தில் பார்த்த டிசம்பர் இரவு அதற்கு அடுத்த படி. 2024 ஜூன் 25 அன்று பேச்சுவார்த்தை முறையாகத் தொடங்கியது.

பேச்சுவார்த்தை என்ற சொல் இங்கே கொஞ்சம் ஏமாற்றும். பேரம் பேச அதிகம் இல்லை. ஒன்றியத்தின் மொத்தச் சட்டத் தொகுதியும் 35 அத்தியாயங்களாக இருக்கிறது. மீன்பிடி, உணவுப் பாதுகாப்பு, நீதித்துறை, அரசுக் கொள்முதல் என்று ஒவ்வொன்றிலும் விண்ணப்பித்த நாடு தன் சட்டத்தை அதற்கேற்ப மாற்றி, நடைமுறையில் காட்டவேண்டும். அவற்றில் 33 அத்தியாயங்கள் ஆறு தொகுதிகளாகக் கட்டப்பட்டுள்ளன. தொகுதியைத் திறக்க ஒருமனது, அத்தியாயத்தை மூட ஒருமனது. கடைசியாகச் சேர்ந்த குரோவேஷியா 2003இல் விண்ணப்பித்து 2013 ஜூலை 1 அன்றுதான் உள்ளே வந்தது. அதற்குப் போரும் இல்லை, உக்ரைன் அளவு விளைநிலமும் இல்லை. உக்ரைன் தானியம் சுங்கமில்லாமல் வரத் தொடங்கியதும் 2023 ஏப்ரலில் இறக்குமதியை நிறுத்தியவற்றில் ஒன்று, அதன் மிக நெருங்கிய ஆதரவு நாடான போலந்து. விலை விழுந்து சொந்த விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

எல்லா அத்தியாயமும் முடிந்தால் சேர்க்கை ஒப்பந்தம் எழுதப்படும். ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒப்புதல் தரும். பிறகு 27 நாடுகளும் தத்தம் அரசியல் சட்டப்படி தனித்தனியாக ஏற்கவேண்டும். பிரான்சில் அதற்கு மக்கள் வாக்கெடுப்பு, இல்லாவிட்டால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு தேவை. 2016 ஏப்ரலில் நெதர்லாந்து மக்கள் வாக்களித்தது உக்ரைனின் உறுப்பினர் தகுதியைப் பற்றிக்கூட அல்ல, அதற்கு வெகுதூரம் கீழே உள்ள ஒரு கூட்டு ஒப்பந்தத்தைப் பற்றி. வாக்களித்தவர்களில் 61 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அது உறுப்பினர் ஆவதற்கான வாக்குறுதி இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே நெதர்லாந்து கையெழுத்தை உறுதி செய்தது. ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வர 2017 செப்டம்பர் 1 ஆகிவிட்டது.